கண்ணாடிப் பேழையும் கைபேசித் திரையும்

அருங்காட்சியகத்தில் மிகை மெய்ம்மை (ஏ.ஆர்.), அதாவது கைபேசிக் கேமரா காட்டும் காட்சியின் மேல் கணினி உருவங்களைப் பொருத்திக் காட்டும் வசதி, உண்டு என்ற அறிவிப்பைக் கண்டாலே இப்போதெல்லாம் எனக்கு அலுப்புத்தான் வருகிறது. சென்ற முறை, உடைந்த மண்பானை ஒன்றின் முழு வடிவத்தைத் திரையில் காணலாம் என்று நம்பிச் செயலியைத் தரவிறக்கி, கேமராவுக்கு அனுமதி கொடுத்து, கைபேசியைப் பேழைக்கு நேரே நீட்டினேன். பானை தோன்றியது, ஆனால் இரண்டு சாண் தள்ளி, அந்தரத்தில் நடுங்கிக்கொண்டிருந்தது.

காரணம் புரியாததல்ல. பொருளின் விளிம்புகளைக் கேமரா அடையாளம் கண்டு தொடர்ந்தால்தான் உருவம் ஓரிடத்தில் நிற்கும். பேழைக் கண்ணாடியோ விளக்குகளைப் பிரதிபலிக்கிறது, துணியும் காகிதமும் நிறம் மங்காதிருக்க ஏறத்தாழ 50 லக்ஸ் என்ற மிகக் குறைந்த வெளிச்சத்திலேயே கூடத்தை வைத்திருக்கிறார்கள். இதெல்லாம் தெரிந்தவர்கள், திறப்பதற்கு முன் ஒரு மாலையாவது அங்கேயே நின்று சோதித்திருக்க வேண்டாமா? வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் 2015இலேயே எலும்புக்கூடுகளுக்குத் திரையில் தோல் போர்த்திக் காட்டியது. முடியும் என்பது தெரிவதால்தான் வருத்தம் கூடுகிறது.

கால் மணி நேரம் திரையோடு மல்லுக்கட்டியதில், பானையின் கழுத்தில் குயவரின் விரல் பதிந்திருந்த வரியைப் பார்க்கத் தவறிவிட்டேன்; வீட்டுக்கு வந்து புகைப்படத்தில்தான் அதைக் கண்டேன்.