சிறுவனைத் தோளில் சுமந்த சர் சைமன் பர்லி

1377 ஜூலை 16. வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் முடிசூட்டு விழா முடியும்போது இங்கிலாந்தின் புது மன்னன், பத்து வயது இரண்டாம் ரிச்சர்ட் துவண்டு போயிருந்தான். அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் நடந்தார் சர் சைமன் பர்லி. வழியில் பையனின் காலணி ஒன்று கழன்று விழுந்து காணாமலே போனது. பர்லியைப் பற்றி நினைத்தால் எனக்கு முதலில் வருவது இந்தக் காட்சிதான்.

அவர் பெரிய குடும்பத்துப் பிள்ளை இல்லை. ரிச்சர்டின் அப்பாவிடம் வேலை பார்த்து, பிரான்சில் சண்டை போட்டு, 1369-இல் எதிரிகளிடம் பிடிபட்டு மீண்டவர். பையனுக்கு ஆசிரியரானார். பிறகு டோவர் கோட்டையே அவர் பொறுப்புக்கு வந்தது. அச்சகம் இல்லாத காலத்தில் சொந்தமாக இருபது புத்தகம் வைத்திருந்த போர்வீரர்! படிக்கப் படிக்க எனக்குப் பிடித்துப்போனது.

அப்புறம் கென்ட் பகுதியின் கிரேவ்சென்ட் ஊர்க் கதை வந்தது.

1381 ஜூன். ஆளுக்கு இவ்வளவு என்று வசூலித்த தலைவரி மீதான கோபத்தில் கென்ட் பகுதி ஏற்கனவே கொதித்துக்கொண்டிருந்தது. அந்த ஊரில் வாழ்ந்த ராபர்ட் பெல்லிங் என்பவர் பர்லியின் தப்பியோடிய பண்ணையடிமை என்று சொல்லி ஆட்கள் பிடிக்க வந்தார்கள். விடுவிக்க 300 பவுண்டு கேட்டதாக அக்காலக் குறிப்பு ஒன்று சொல்கிறது. அன்றைக்கு அது ஒரு ஊரே சேர்ந்தாலும் புரட்ட முடியாத பணம். பெல்லிங்கை ராச்செஸ்டர் கோட்டையில் அடைத்தார்கள். சில நாளில் மக்கள் திரண்டுபோய் அவரை மீட்டார்கள். பர்லி அப்போது ரிச்சர்டுக்கும் பொஹீமியாவின் ஆனுக்கும் திருமணம் பேச வெளிநாடு போயிருந்தார். ஊரில் இல்லை என்பதை நான் சாக்காக ஏற்க மாட்டேன். பிடித்தது அவர் பெயரில்தானே?

சரி, அதற்காகவா அவரைக் கொன்றார்கள்? இல்லை. 1388-இல் நாடாளுமன்றத்தில் அவர்மேல் வைத்த பழி, இளம் மன்னரின் மனத்தைக் கெடுத்தார் என்பது. தீர்ப்பு சொன்ன பிரபுக்களின் நிலத்திலும் பண்ணையடிமைகள் உழுதுகொண்டிருந்தார்கள். அவர்கள் எப்படி பெல்லிங்குக்காகப் பேசுவார்கள்? அதிகாரப் போட்டிக்கு ஒரு கிழவரைப் பலி கொடுத்தார்கள், அவ்வளவுதான். அது அநியாயம் என்றே இன்றும் நினைக்கிறேன்.

ராணி ஆன், பர்லியை எதிர்த்த பிரபுக்களில் ஒருவரான அருண்டெல்லின் முன் மண்டியிட்டுப் பர்லியின் உயிருக்காகக் கெஞ்சினார். அவர் இரங்கவில்லை. மே 5-ஆம் தேதி லண்டனின் டவர் ஹில் மேட்டில் பர்லியின் தலை விழுந்தது. ரிச்சர்ட் மறக்கவில்லை. 1397-இல் அருண்டெல்லின் தலையும் அதே மேட்டில் விழுந்தது. ராணி அதற்கு மூன்று வருடம் முன்பே இறந்துபோயிருந்தார்.