அன்றே விசித்திரமாக ஒலித்த சொற்கள்

பழைய ஆங்கில நாடகங்களில் இன்று நமக்குப் புரியாத சொற்களெல்லாம் அக்காலத்து லண்டன் மக்களின் அன்றாடப் பேச்சாக இருந்தவை என்று சொல்லப்படுவது பாதியளவுக்கே சரி. ‘தௌ’ (நீ), ‘ப்ரிதி’ (தயவுசெய்து) போன்றவை வீட்டிலும் தெருவிலும் புழங்கியவைதான். ஆனால், கேட்டவர்களுக்கே விசித்திரமாக ஒலித்த புதுச்சொற்களும் மேடையில் ஏராளமாக இருந்தன.

இதற்கு நேரடியான சான்று பென் ஜான்சன் எழுதி 1601-இல் மேடையேறிய ‘போயட்டாஸ்டர்’ நாடகம். அதன் இறுதி அங்கத்தில், ரோமானியப் பேரரசர் அகஸ்டஸ் சீசரின் முன்னிலையில் கவிஞர் ஹொரேஸ் கொடுக்கும் மாத்திரைகளை விழுங்கிய கிறிஸ்பினஸ் என்ற கவிஞன், தான் எழுத்தில் அள்ளித் தெளித்த கரடுமுரடான சொற்களை ஒவ்வொன்றாகப் பாத்திரத்தில் வாந்தியெடுக்கிறான். அவனை உருவாக்கி ஜான்சன் பகடி செய்தது சக நாடகாசிரியரான ஜான் மார்ஸ்டனை. ‘கிளிபரி’ (வழுக்கலான), ‘டர்ஜிடஸ்’ (வீங்கிய), ‘ஆப்ஸ்டுபிஃபாக்ட்’ (திகைத்துப்போன) ஆகியவை அப்படி வெளிவருபவை; இவற்றை அன்றாடப் பேச்சு என்று கருதியிருந்தால் அந்தக் காட்சியில் எவரும் சிரித்திருக்க மாட்டார்கள்.

அதைவிட முக்கியமானது, அதே பாத்திரத்தில் ‘ரெசிப்ரோக்கல்’, ‘டிஃபங்க்ட்’, ‘ஸ்ட்ரெனுவஸ்’, ‘கான்ஷியஸ்’, ‘கிளம்ஸி’ ஆகியவையும் விழுகின்றன என்பது. இன்று செய்தித்தாள் வாசிப்பவர் எவரும் தயங்காமல் கடந்துபோகும் இச்சொற்களை, மொழியில் தேர்ந்த ஜான்சன் கேலிக்குரியவையாகவே கருதினார். ஆகவே ஒரு சொல் இன்று வழக்கிழந்திருப்பதை மட்டும் வைத்து அது அன்று எளிய சொல்லாக இருந்தது என்று முடிவுகட்ட இயலாது. அக்காலத்து எழுத்துகளில் அது வேறு எங்கெல்லாம் வருகிறது என்பதையும் பார்த்தாக வேண்டும்.