சாய்ஸ் லிஸ்டை வீட்டில் உட்கார்ந்து எழுதுங்கள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்தால் எங்கள் தெருவில் எல்லோர் வாயிலும் பொறியியல் கட்ஆஃப்தான். கணக்குக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது, ஆக 200. அந்த எண்ணுக்காக அவ்வளவு தவிக்கிறோம். அதை வைத்துப் பொறியியல் கவுன்சிலிங்குக்கு, வேண்டிய கல்லூரிகளை வரிசையாக எழுதிக் கொடுக்கும் சாய்ஸ் லிஸ்ட் வேலையை மட்டும் யாரோ ஒருவர் கையில் கொடுத்துவிடுகிறோம்.

அக்கா மகன் விஷயத்தில் நாங்கள் அப்படித்தான் செய்தோம். அவனுக்குக் காரைக்குடி அரசுக் கல்லூரியில் மெக்கானிக்கல் படிக்க ஆசை. பிரவுசிங் சென்டரில் இருந்தவர், "அதெல்லாம் வராதுக்கா, கிடைக்கிறதை முதல்ல போடுவோம்" என்றார். பக்கத்து ஊர்த் தனியார் கல்லூரி முதலிலும் காரைக்குடி ஒன்பதாவதாகவும் போனது. முதலில் போட்டதே கிடைத்தது. பிறகு பார்த்தால், எங்கள் இடஒதுக்கீட்டுப் பிரிவில் அவனைவிடக் குறைந்த கட்ஆஃபுக்குக் காரைக்குடியில் இடம் போயிருக்கிறது. அன்று ராத்திரி அக்கா சாப்பிடவே இல்லை.

கவுன்சிலிங்கில் தரவரிசைப்படி ஒவ்வொரு பிள்ளையாக எடுத்து, அவர்கள் எழுதிய பட்டியலை மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே வருவார்கள். எதில் இடம் இருக்கிறதோ அதோடு நிறுத்திவிடுவார்கள். ஆசைப்பட்டது கிடைக்காவிட்டால் அடுத்த வரியைப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். அதை மேலே போட்டதால் ஒரு நஷ்டமும் இல்லை. எத்தனை வரி வேண்டுமானாலும் எழுதலாம். இது தெரியாமல்தான் ஒரு பிள்ளையின் ஆசையை ஒன்பதாவது வரிக்குத் தள்ளினோம்.

இந்த வருடம் அவன் தங்கைக்கு ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கினோம். கல்லூரி கோட், பாடப் பிரிவு, போன வருடம் எங்கள் இடஒதுக்கீட்டுப் பிரிவில் கடைசி இடம் போன கட்ஆஃப், வீட்டிலிருந்து எத்தனை மணி நேரம் என்று நான்கு கட்டம். கோட் கட்டாயம் வேண்டும், ஒரே மாதிரிப் பெயரில் அத்தனை கல்லூரிகள் இருக்கின்றன.

அப்புறம் மூன்று கல்லூரிகளுக்கு நேரில் போனோம். ஆபீஸுக்குப் போகவில்லை, வாசல் டீக்கடைக்குப் போனோம். மூன்றாம் வருடம் படிக்கும் ஒரு பெண்ணிடம், "லேப்ல நீங்களே மெஷின் ஓட்டுவீங்களாம்மா?" என்று கேட்டேன். "சார் ஓட்டிக் காட்டுவாருக்கா, நாங்க ரெக்கார்டு எழுதுவோம்" என்றாள். அந்தக் கல்லூரியை அங்கேயே நோட்டில் அடித்துவிட்டோம்.

வெப்சைட்டில் இருக்கும் ஆசிரியர் பட்டியலை மட்டும் நம்பாதீர்கள். ஒரே ஆசிரியர் பல கல்லூரிகளின் கணக்கில் இருந்ததை 2024 ஜூலையில் ஊழலை எதிர்க்கும் அமைப்பான அறப்போர் இயக்கம் வெளிக்கொண்டு வந்தது நினைவிருக்கும். யார் வகுப்புக்கு வருகிறார் என்பது படிக்கிற பிள்ளைகளுக்குத்தான் தெரியும். நாக் என்ற தரச்சான்று கல்லூரி முழுமைக்கும் கொடுப்பது. நீங்கள் சேரும் பாடப் பிரிவுக்கென்று கொடுக்கும் என்பிஏ சான்று இருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள்.

அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வரும் பிள்ளைகளே, உங்களுக்குக் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. செலவுக்குப் பயந்து பக்கத்துக் கல்லூரியோடு நின்றுவிடாதீர்கள். கிண்டி பொறியியல் கல்லூரியையும் எழுதுங்கள், கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியான ஜிசிடியையும் எழுதுங்கள்.

எங்கள் நோட்டில் இப்போது 41 வரி இருக்கிறது. முதல் வரி, கோட் 4, குரோம்பேட்டை எம்ஐடி, ஏரோநாட்டிகல். அவளே எழுதினாள். அதெல்லாம் கிடைக்குமா என்று இந்த முறை வீட்டில் யாரும் கேட்கவில்லை.