சூரியன் தூரமாகப் போவதால் குளிர் வருமா?

"பூமி சூரியனை விட்டு விலகிப் போகிறது. வழக்கமாக 9 கோடி கி.மீ. தூரம், இப்போது 15.2 கோடி கி.மீ. ஆகஸ்ட் வரை கடும் குளிர், காய்ச்சல் வரும்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு.

15.2 கோடி என்ற எண் மட்டும் சரி. ஒவ்வொரு ஜூலை தொடக்கத்திலும் பூமி அந்தத் தொலைவில்தான் இருக்கும். ஆனால் 9 கோடி என்பது கற்பனை. சராசரித் தூரமே சுமார் 15 கோடி கி.மீ.; ஜனவரியில் மிக அருகில் வரும்போதுகூட 14.7 கோடி. நாசாவின் இணையதளத்தில் யாரும் சரிபார்க்கலாம்.

தூரம்தான் குளிருக்குக் காரணம் என்றால், ஜூலையில் உலகம் முழுக்கக் குளிர வேண்டுமே! வட அரைக்கோளத்தில் அப்போது கோடைக்காலம். உலக வானிலை அமைப்பு ஏற்றுள்ள அதிகபட்ச வெப்பநிலையான 56.7 டிகிரி செல்சியஸ், கலிபோர்னியாவின் டெத் வேலியில் 1913 ஜூலை 10 அன்றுதான் பதிவானது.

பருவங்களுக்குக் காரணம் பூமியின் அச்சு சுமார் 23.4 டிகிரி சாய்ந்திருப்பது. அப்புறம், ஓர் ஊரின் தட்பவெப்பத்தை அட்சரேகை, உயரம், கடலின் அருகாமை, நீரோட்டம், மலைகள் எல்லாம் சேர்ந்து தீர்மானிக்கின்றன. ஈக்வடாரின் கீட்டோ நகரம் நிலநடுக்கோட்டை ஒட்டியே இருக்கிறது. ஆனாலும் சுமார் 2,850 மீட்டர் உயரத்தில் இருப்பதால் ஆண்டு முழுவதும் குளுமையாகவே இருக்கும்.

காய்ச்சல் பயம் வயதானவர்களை வீணாகக் கலங்க வைக்கிறது. தயவுசெய்து இதை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியவருக்கும் இந்த விவரத்தைச் சொல்லுங்கள்.