மெடிக்கல் கடையில் எச்.ஐ.வி. டெஸ்ட்

மெடிக்கல் கடையிலேயே எச்.ஐ.வி. பரிசோதனை செய்துகொள்ள வழி வேண்டும் என்பது என் கட்சி. அமெரிக்காவில் வீட்டில் பார்த்துக்கொள்ளும் கிட்டைக் கடையில் விற்க 2012-லேயே அனுமதித்துவிட்டார்கள்.

“அரசு ஆஸ்பத்திரியில் எச்.ஐ.வி. ஆலோசனையும் டெஸ்டும் தரும் நம்பிக்கை மையம் இருக்கிறதே, இலவசம்தானே?” என்பீர்கள். இருக்கிறது. நண்பன் ஒருவனுக்குத் துணையாகப் போயிருக்கிறேன். பக்கத்தில் வேண்டாம் என்று பிடிவாதமாகக் கும்பகோணத்துக்கு பஸ் ஏறினான். ஆலோசகர் தன்மையாகத்தான் பேசினார். சிக்கல் வெளியே பெஞ்சில். ஸ்கேனுக்கு வந்திருந்த எங்கள் தெரு அக்கா, “என்ன தம்பி இங்கே?” என்றார். பல்வலி என்றான்! (ரிசல்ட் என்னவென்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.)

கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இந்த டெஸ்ட் எடுக்கிறார்கள். பிள்ளையைக் காப்பாற்றும் காரியம், நல்லதுதான். ஆனால் வீட்டில் முதலில் தெரியவருவது அவளுக்கு என்பதால், புருஷனிடமிருந்து வந்திருந்தாலும் பழி அவள் தலையில் விழுகிறது. ஆண்கள் எப்போது பார்க்கிறார்கள்? பலருக்கு வளைகுடா போக மெடிக்கல் எடுக்கும்போதுதான். ‘அன்ஃபிட்’ என்று வந்தால் ஏஜென்ட் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுப்பதோடு சரி.

அதற்காக எங்கள் ஊர் மெடிக்கலில் வைக்கச் சொல்லவில்லை. அங்கே மூலத்துக்கு மருந்து கேட்கவே குரல் எழும்பாது, நாப்கினை இன்னும் பேப்பரில் சுற்றித்தான் தருகிறார்கள். கும்பகோணம், மயிலாடுதுறை, மன்னார்குடி மாதிரி நாலு ஊர் ஜனம் வந்துபோகும் பஸ் ஸ்டாண்டுக் கடைகள்தான் தோது. யாருக்கும் யாரையும் தெரியாது. கதவுள்ள ஒரு சின்ன அறை வேண்டும். சுவரில் சர்டிபிகேட் மட்டும் தொங்கினால் போதாது, படித்த பார்மசிஸ்டே இருக்க வேண்டும். கிட்டில் ஒரு கோடு (நெகட்டிவ்) விழுந்தாலும் இரண்டு (பாசிட்டிவ்) விழுந்தாலும் பேச்சு அங்கே முடிவதில்லை. தொற்றியிருந்தாலும் முதல் மூன்று மாதம் வரை டெஸ்டில் தெரியாமல் போகலாம். பாசிட்டிவ் என்று காட்டினால் அதுவே முடிவல்ல, நம்பிக்கை மையத்தில் உறுதி செய்ய வேண்டும். உறுதியானால் வைரஸைக் கட்டுக்குள் வைக்கும் ஏ.ஆர்.டி. மாத்திரை இலவசம், ஒழுங்காகச் சாப்பிட்டால் ஆயுசுக்குக் குறைவில்லை. இதையெல்லாம் நிதானமாகச் சொல்ல ஆள் வேண்டும். டெஸ்டுக்குச் சம்மதம் வேண்டும், ரிசல்ட் ரகசியமாக இருக்க வேண்டும் என்பது 2017 எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டத்திலேயே இருக்கிறது.

பஸ் ஸ்டாண்டில் தெரிந்த மெடிக்கல் அண்ணனிடம் கேட்டேன். “கிட் விற்கலாம் தம்பி. ரிசல்ட்டையும் நானே சொல்லணுமா?” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, குளுக்கோஸ் பெட்டிகள் அடுக்கியிருந்த மூலையைப் பார்த்துவிட்டு, “அதையெல்லாம் நகர்த்தினால் ரெண்டு நாற்காலி போடலாம்” என்றார்.