அந்தோனெல்லோ மாற்றி வரைந்த கை

இயேசு ஆசீர் அளிப்பதைக் காட்டும் 'உலக மீட்பர்' ஓவியம் என்றாலே, லியனார்டோ தா வின்சி வரைந்தது என்று 2017-இல் 45 கோடி டாலருக்கு ஏலம்போன படத்தைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறோம். எனக்கு அதைவிட நெருக்கமானது, அதே பொருளில் 15-ஆம் நூற்றாண்டு இத்தாலிய ஓவியர் அந்தோனெல்லோ தா மெஸ்ஸினா வரைந்த சின்னப் படம். லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. உயரம் 39 செ.மீ. கூட இல்லை.

இருண்ட பின்னணி, சிவப்பு அங்கி, தோளில் நீல மேலாடை. நடுவகிடு, சிறு தாடி, நேரே நம்மைப் பார்க்கும் கண்கள். இயேசு உண்மையில் இப்படித்தான் இருந்தாரா என்று கேட்பதில் பயனில்லை. லெந்துலுஸ் என்ற ரோமானிய அதிகாரி அவரை வர்ணித்ததாக ஒரு போலிக் கடிதம் 15-ஆம் நூற்றாண்டில் பரவலாகப் படிக்கப்பட்டது. இந்த நடுவகிடும் தாடியும் அதிலேயே இருக்கின்றன.

பார்க்க வேண்டியது ஆசீர் அளிக்கும் வலக்கையை. அதற்குச் சற்று மேலே உற்றுப் பாருங்கள், வேறு விரல்கள் மங்கலாகத் தெரியும். முதலில் கையை உயரத்தில், மார்போடு ஒட்டினாற்போலத் தட்டையாக வரைந்திருக்கிறார். அங்கியின் கழுத்து விளிம்பும் அப்போது மேலேதான் இருந்தது. பிறகு இரண்டையும் பூசி மறைத்து, கையைத் தாழ்த்தி, விரல்கள் நம்மை நோக்கி நீளும்படி திருப்பிவிட்டார். எண்ணெய் வண்ணம் நாளாக ஆக ஒளி ஊடுருவவிடும். மறைத்தது வெளியே வந்துவிட்டது.

இதைத் தூரக்காட்சியில், அதாவது தட்டைப் பரப்பில் ஆழத்தைக் காட்டும் முறையில், ஓவியர் அடைந்த தேர்ச்சி என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. இத்தனை சிறிய படம் ஒருவர் தனியே அமர்ந்து செபிப்பதற்கானது. பழைய கை வெறும் அடையாளம். யார் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அது அப்படியே நிற்கும். புதிய கைக்கு எதிரே ஓர் ஆள் வேண்டும். இடக்கை விரல்களைப் பாருங்கள், முன்னால் உள்ள கல்திண்டின் மேல் படிந்திருக்கின்றன. திண்டுக்கு அந்தப் பக்கம் இயேசு, இந்தப் பக்கம் நாம். அந்தத் திண்டில் ஒட்டியதுபோல வரைந்த காகிதத்தில் மடிப்புக்கோடுகூட விழுந்திருக்கிறது! 1465 என்ற ஆண்டும் அதில்தான்.

முகத்தில் உணர்ச்சியே இல்லை என்று குறை சொல்பவர்கள் உண்டு. கண்ணீர் வரையத் தெரியாதவரா அந்தோனெல்லோ? இத்தாலியின் பியாசென்சா நகரில் இருக்கும் அவருடைய 'இதோ மனிதன்' படத்தில், பாடுபடும் இயேசுவின் கழுத்தில் கயிறு, கன்னத்தில் வழியும் கண்ணீர். அங்கே நாம் இயேசுவுக்காக இரங்குகிறோம். இங்கே அவர் நமக்காக வந்து நிற்கிறார். அழுத முகம் இந்தக் கைக்குப் பொருந்தியிருக்காது.