ஒன்றரை வேகத்தில் ஓடிய கிழவர்

“இழுவை.”

ஒரே சொல். பத்து வருடமாக ஒரு நாவலை முடிக்க முடியாமல் திணறும் மனிதரின் கதைக்கு என் மைத்துனர் வழங்கிய தீர்ப்பு. வழங்கிவிட்டு முறுக்கைக் கடித்தார்.

‘ஸ்டார்ட்டிங் அவுட் இன் தி ஈவினிங்’, 2007-இல் வந்த படம். நியூயார்க்கில் ஒரு வயதான எழுத்தாளர். எழுதிய நான்கு நாவல்களும் இப்போது அச்சில் இல்லை. அவரைப் பற்றி ஆய்வேடு எழுத ஓர் இளம்பெண் வருகிறாள். வீட்டுக்குள்ளேயே கோட்டும் டையும் அணிந்து தட்டச்சுப் பொறியின் முன்னால் உட்காருகிற அந்தக் கிழவராக ஃபிராங்க் லாங்கெல்லா. 1979-இல் டிராகுலாவாகப் பயமுறுத்தியவர்தான். இதில் கழுத்தைக்கூடத் திருப்ப யோசிக்கிறார்.

காபி போட அடுக்களைக்குப் போனேன். ஐந்தே நிமிடம். திரும்பி வந்தால் கிழவர் விறுவிறுவென்று நடக்கிறார்! அந்தப் பெண் ஏலம் விடுபவளைப் போலக் கேள்வி கேட்கிறாள், அவர் அதைவிட அவசரமாகப் பதில் சொல்கிறார். படத்தைச் சரியாகத்தான் போட்டோமா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. பிறகுதான் மைத்துனரின் கையில் ரிமோட்டைப் பார்த்தேன். ஒன்றரை வேகம்.

“111 நிமிடப் படம் அத்தான். இப்படி ஓட்டினால் 74. 37 நிமிடம் லாபம்.”

லாபமாம்! நான் பழைய வேகத்துக்கு மாற்றினேன். தொலைபேசி வந்தது, எழுந்து போனேன். திரும்பினால் மறுபடி ஒன்றரை. தட்டச்சுப் பொறியின் முன்னால் மௌனமாக உட்கார்ந்திருக்க வேண்டிய கலைஞர், நீதிமன்ற வாசலில் மனு அடித்துக் கொடுப்பவரைப் போலப் படபடவென்று தட்டிக்கொண்டிருக்கிறார். மிச்சம் பிடித்த நிமிடங்களை மைத்துனர் என்ன செய்தார்? சோபாவில் சாய்ந்து, யாரோ யாருக்கோ பரோட்டா வீசும் வீடியோவைப் பார்த்தார். அதை மட்டும் சாதாரண வேகத்தில், இரண்டு முறை.

இவரைச் சொல்லி என்ன பயன்? எழுதிப் பிழைக்கிற விமர்சகர்களே “மெதுவாக நகர்ந்தாலும் நல்ல படம்” என்கிறார்கள். அந்த ‘ஆலும்’ எதற்கு? நகர்வதற்கு அது என்ன டவுன் பஸ்ஸா? பாஸ்டன் விமர்சகர் சங்கம் லாங்கெல்லாவுக்குச் சிறந்த நடிகர் விருதைக் கொடுத்தது. ஆஸ்கார்காரர்கள் அந்த வருடம் பட்டியலில்கூடச் சேர்க்கவில்லை. மறு வருடம் அவர் அமெரிக்க ஜனாதிபதி நிக்சனாக வந்ததும் ஓடிவந்து பரிந்துரைத்தார்கள். ஜனாதிபதியாக உட்கார்ந்து வியர்த்தால் நடிப்பு. எழுத்தாளராக உட்கார்ந்து யோசித்தால் இழுவை.

இதையெல்லாம் சத்தமாகச் சொல்லி முடித்து, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது. “போன தடவை நீங்கள் பார்த்தபோது கால் மணி நேரம் குறட்டை விட்டீர்களே, அது எந்த வேகம்?”

மைத்துனர் சிரித்தார். நானும் சிரித்துத் தொலைத்தேன், வேறு என்ன செய்வது?

அது கிடக்கட்டும். அவர் ஊருக்குப் போனதிலிருந்து ரிமோட்டின் பின்மூடியைக் காணவில்லை. பேட்டரி விழாமல் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைத்திருக்கிறேன்.